தினம் முக்கால் வார்த்தை

போன தை மாசம் சேலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் மனைவி வழியில் மாமா முறை. வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கணக்குப் போட்டுப் பார்க்காமல் ரசம்கூட ஊற்றிக்கொள்ள மாட்டார்.

“ரிட்டையர் ஆன பிறகு எப்படிப் பொழுது போகுது மாப்பிள்ளை?”

“சின்னப் பிள்ளைங்களுக்குப் படக்கதைப் புஸ்தகம் எழுதறேன் மாமா.”

“அட! படமெல்லாம் வரைவீங்களா?”

“இல்ல மாமா. படம் வேற ஒருத்தர் வரைவாங்க. நான் எழுத்து மட்டும்.”

“எழுத்து எவ்வளவு வரும்?”

“இருநூறு வார்த்தை.”

“தினமுமா?” அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. குரலில் மரியாதை ஏறியிருந்தது.

“ஒரு புஸ்தகத்துக்கு.”

“அதை எழுத எத்தனை நாளு?”

“கடைசிப் புஸ்தகத்துக்கு ஒன்பது மாசம் ஆச்சு.”

அவர் மண்டபத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. “இருநூறை இருநூத்தி எழுபதால வகுத்தா... தினம் முக்கால் வார்த்தை. அதுவும் முக்கால் முழுசா இல்ல.” பிறகு என்மேல் இரக்கப்பட்டு, “மிச்ச நேரத்துல என்ன பண்ணுவீங்க?” என்றார்.

“எழுதினதை அழிப்பேன்.”

அவர் பாயசத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வரவேற்பு தொடங்குவதற்குள் அந்த மண்டபத்தில் நான் ‘முக்கால் மாப்பிள்ளை’ ஆகியிருந்தேன். பொண்ணு வீட்டு வீடியோக்காரர்கூட, “முக்கால் சார், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றார்.

குழந்தைகளுக்கு எழுதுகிறவனுக்குப் பட்டப்பேர் ஒட்டுவது தமிழில் புதிதில்லை. வி. கிருஷ்ணமூர்த்தி என்று சொன்னால் முழிப்பார்கள். வாண்டுமாமா என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பெரியவர்களுக்கு எழுத அவர் கௌசிகன் என்று தனிப்பேர் வைத்திருந்தார். முதல் புத்தகம் வந்தபோது எனக்கும் அந்த ஆசை வந்தது. மலையில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறவன் என்பதால் ‘காப்பி மாமா’ என்று போட்டுக்கொள்ளலாமா என்று மனைவியைக் கேட்டேன். அவள் பழம் காயப்போட்டிருந்த களத்தை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “போட்டுக்குங்க. எங்கிருந்தோ காப்பி அடிச்ச மாமான்னு நினைச்சுக்குவாங்க.”

சொந்தப் பேரிலேயே போட்டேன்.

நாங்கள் இருப்பது நாகலூர். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, லேடீஸ் சீட்டில் நின்று கீழே மினுக்குகிற சேலத்தைப் பார்த்து, எந்த ஊரிலிருந்து தப்பித்து வந்தார்களோ அந்த ஊரையே போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நாகலூர் வரை வருகிறவர்கள் ஒன்று வழி தவறியவர்கள், இல்லை எங்கள் சொந்தக்காரர்கள். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றரை ஏக்கர் கைமாறிக் கைமாறி என் மாமனாரிடம் வந்து, இப்போது என் மனைவி பேரில் இருக்கிறது. தோட்டம் அவள் பேரில், புத்தகம் என் பேரில். இதில் எது சோறு போடுகிறது என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழுவதில்லை. அவ்வளவு தெளிவு.

கார்த்திகையில் பழம் சிவக்க ஆரம்பித்தால் தை முடிகிற வரை வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. என்னைத் தவிர. அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஏதாவது ஒரு வார்த்தையில் சிக்கல் வரும். போன பருவத்தில் சிக்கல் இது: காட்டெருமை சேற்றுக் குழியில் விழுகிறது. என்ன சத்தம்? ‘தொபுக்கடீர்’ என்று எழுதினேன். அது தண்ணீர்ச் சத்தம், சேறு இல்லை. ‘தொப்’ என்றால் பலாப்பழம். ‘தடால்’ என்றால் பீரோ. மூன்று நாள் திண்ணையில் உட்கார்ந்து, காலால் தரையை உதைத்துப் பார்த்து, ஒரு பழைய தலையணையைச் சாக்கடையில் போட்டும் பார்த்தேன். தலையணை விஷயம் அன்று ராத்திரிதான் வெளியே வந்தது.

நாலாம் நாள், பழம் எடுக்க வருகிற பாட்டி கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போது கேட்டார், “என்ன தம்பி, பல்லு வலியா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“எருமை சேத்துல வுழுந்தா ‘பொதக்’குனு வுழும். இதுக்கா மூணு நாளு?”

பொதக். ஒரு நொடி. முதல் வரைவுகளில் பதிப்பக ஆசிரியர் கைவைக்காமல் விட்ட ஒரே வார்த்தை அதுதான். பாட்டிக்கு அன்றைக்குக் கூலி எடைக்கணக்கில். பொதக்குக்குத் தனியாக ஒன்றும் தரவில்லை. இதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால் மாஸ்கோவில் போய் நிற்கிறது. எனக்கு ஒன்பது பத்து வயதில், சேலத்தில் நியூ செஞ்சுரி புத்தக வண்டி வந்து நிற்கும். சோவியத் புத்தகங்கள், தமிழில், வழவழ காகிதம், நம் தீப்பெட்டி விலைக்கு. பனியில் பூட்ஸ் போட்ட கரடிகள், சமோவார், மூக்கு சிவந்த தாத்தாக்கள். சேலத்து வெயிலில் முதுகு பொரிய, பனிச்சறுக்கு வண்டி பற்றிப் படித்து வளர்ந்தவன் நான். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ புத்தகத்தைக் கிழிகிற வரை படித்தேன்; இன்றைக்கும் என் வயதுக்காரர்களிடம் அந்தப் பேரைச் சொன்னால் முகம் மாறும். மூளையில் ஒரு மூலை அப்போதே கெட்டுப்போயிருக்க வேண்டும். அது வெளியே தெரிய ஐம்பது வருஷம் ஆனது. நடுவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன்.

கணக்கு எழுதுகிறவன் குழந்தைக்கு எழுதக் கூடாதா என்று கேட்டால், அழ. வள்ளியப்பாவைக் காட்டுவேன். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்க் குழந்தைகளின் நாக்கில் பாட்டை ஏற்றிவிட்டுப் போனவர். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அதில் ஆளும் சேர்த்தார். அவரும் கணக்கு, நானும் கணக்கு. ஒற்றுமை அத்தோடு முடிகிறது. நான் நாகலூரில் சங்கம் தொடங்கினால் தலைவர், செயலாளர், உறுப்பினர் மூன்றும் நானே. பொருளாளர் பதவிக்கு மட்டும் மனைவி ஒப்புக்கொள்வாள், அதுவும் பொருள் வந்தால்.

படக்கதைப் புத்தகம் என்பது வேறு ஜாதி. பாட்டு வாயில் நிற்கும். படக்கதை தாளில் நிற்க வேண்டும். தாளுக்கு ஒரு சட்டம் உண்டு. பெரிய தாளை இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அது ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் 32. உலகத்தில் பாதிப் படக்கதைகள் இந்த 32-ல்தான் பிறந்து வாழ்ந்து முடிகின்றன. நம் ஊரில் செலவைப் பார்த்து 24, 16 என்று இறக்குவார்கள். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், ‘என் அருமைப் பேத்திக்கு’ பக்கம் எல்லாம் போக, விரித்து வைத்தால் ஒரு பதின்மூன்று விரிப்பு கிடைக்கும். கதை அதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி வைத்திருப்பார்கள். பஸ் வளைவை நெருங்கும்போது டிரைவர் ஹாரனை அமுக்குவார். அந்தப் பக்கம் லாரியா, குரங்கா, தேன்நிலவுக்காரர்களின் காரா, தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் வயிறு ஒரு தடவை எழும்பி இறங்கும். படக்கதையில் பக்கம் திருப்புகிற இடமும் அதேதான். வலது பக்கக் கடைசியில் ஹாரன் அடிக்க வேண்டும். வண்டி அடுத்த பக்கத்தில்தான் வர வேண்டும். என் முதல் கதையில் நான் எல்லா வளைவையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டேன். படித்த ஆசிரியர் அம்மா, “சார், இதுல குழந்தைக்குத் திருப்ப ஒண்ணுமே இல்லையே” என்று எழுதினார். இரண்டாவது கதையில் பதின்மூன்று இடத்திலும் ஹாரன் அடித்தேன். பேத்தி நாலாவது பக்கத்தில், “தாத்தா, எனக்கு வாந்தி வருது” என்றாள். அது சாப்பிட்ட மாம்பழத்தினால் என்று மகள் சொன்னாள். மகள் என்மேல் பிரியமுள்ளவள்.

அடுத்த அடி, வெட்டு. படத்தில் தெரிகிறதை எழுத்தில் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எங்கள் மலையில் திரிகிற காட்டெருமைக்கு நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும், சாக்ஸ் போட்ட மாதிரி. அதை நான் ஆறு வரியில், சொன்னால் தற்பெருமை, கண்ணில் நிற்கிற மாதிரி வர்ணித்திருந்தேன். ஆறு வரியும் போனது. ஓரத்தில் பென்சிலில் ஒரே குறிப்பு: ‘படத்தில் வரும்.’ உடம்பின் கறுப்பு? படத்தில் வரும். பனி? படத்தில் வரும். சில்வர் ஓக் மரத்தில் சுற்றி ஏறின மிளகுக்கொடி? படத்தில் வரும். கடைசியில் என் எழுத்தில் மிஞ்சியது ‘வந்தது’, ‘போனது’, ‘பொதக்’.

சரி, எல்லாம் படத்தில் வரும் என்று நானும் தேறிக்கொண்டேன். என் முதல் புத்தகத்தில் படத்தில் என்ன வந்தது என்று கேளுங்கள்.

கதையில் ஒரு மலையாளிப் பாட்டி. சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் கேரளக்காரர் இல்லை. இந்த மலையிலும் கல்வராயன், கொல்லி மலைகளிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நானும் விளக்கவில்லை. பாடம்தான் படித்தாயிற்றே! ‘மலையாளிப் பாட்டி கதவைத் திறந்தாள்’ என்று நாலே வார்த்தை எழுதிவிட்டு, மிச்சம் படத்தில் வரும் என்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். தூரத்து ஊரில் இருந்த ஓவியர் பாவம், மலையாளி என்றதும் மலையாளியையே வரைந்துவிட்டார். ஜரிகைக் கரை போட்ட வெள்ளை முண்டு, நெற்றியில் சந்தனம், பின்னால் சாய்ந்த தென்னை, தென்னைக்குப் பின்னால் காயல், காயலில் வளைந்த மூக்கோடு ஒரு படகு. கடல் மட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் மேலே!

குற்றம் முழுக்க என்னுடையது. ஓவியருக்கு ஒரு வரி குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் புத்தகம் வந்து, ஊரில் நாலு பேருக்குப் பெருமையாகக் கொடுத்த பிறகுதான் அந்த ஞானம் வந்தது. பழம் எடுக்கிற பாட்டி படத்தை வெகுநேரம் பார்த்தார். “யாரு தம்பி இது?”

“நீங்கதான் பாட்டி. உங்களை நினைச்சுத்தான் எழுதினேன்.”

பாட்டி படகைத் தொட்டுப் பார்த்தார். “இதுல ஏறித்தான் தோட்டத்துக்கு வர்றனா?”

அன்றைக்கு முடிவு செய்தேன், வரையத் தெரிந்தவனாகவே பிறந்திருக்க வேண்டும். எழுத்தும் படமும் ஒரே கையில் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சென்னையில் அசோக் ராஜகோபாலன் இருக்கிறார். கஜபதி குலபதி என்ற யானையை எழுதி, அவரே வரைந்து, 2010-ல் தூலிகா பதிப்பகம் வழியாக உலவவிட்டார். யானைக்கு ஜலதோஷம், பெரிதாக ஒரு தும்மல். என் பேத்தி அந்தப் புத்தகத்தை எடுத்தால் வீடே மூன்று தடவை தும்ம வேண்டும். நான்காவது தடவை நிஜமாகவே எனக்கு மூக்கு அரிக்கும். அந்த மனுஷருக்குத் தன் யானையின் காது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் கடிதம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் மாரிஸ் செண்டாக் காட்டுக் குதிரைகளைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கினார். அவருக்குக் குதிரை வரைய வரவில்லை. குதிரையை விட்டுவிட்டு, கொம்பும் பல்லும் வைத்த ‘ஏதோ ஜந்துக்கள்’ என்று மாற்றினார். 1963-ல் வந்த அந்தப் புத்தகம் உலகப் புகழ். தனக்கு வராததைக் கதையிலிருந்து எடுத்துவிட அவரால் முடிந்தது. எனக்கு வராததையெல்லாம் எடுத்தால் புத்தகத்தில் விலை மட்டும் நிற்கும்.

ஒருமுறை கைவேலையிலாவது இறங்கிப் பார்ப்போம் என்று தோன்றியது. படக்கதைக்காரர் எரிக் கார்ல் ஒருநாள் காகிதத்தில் துளை போடுகிற கருவியை வைத்துக்கொண்டு விளையாடும்போதுதான் பசிகொண்ட புழுக் கதை உதித்தது என்பார்கள். முதலில் அது சாதாரணப் புத்தகப்புழு. அவருடைய ஆசிரியர் அம்மாள், புழுவுக்குப் பதிலாகக் கம்பளிப்பூச்சி ஆகட்டுமே என்றார், கடைசிப் பக்கத்தில் பட்டாம்பூச்சி கிடைத்தது. 1969-ல் வந்தது, இன்னும் விற்கிறது. அவருக்குத் துளைக் கருவி உதவியது, எனக்கும் உதவட்டும் என்று நானும் வீட்டில் இருந்ததை எடுத்தேன். கையில் கிடைத்த நோட்டில் பக்கம் பக்கமாக, சின்னதிலிருந்து பெரிது வரை, காப்பிப் பழத்தைப் பூச்சி துளைக்கிற மாதிரி ஓட்டை போட்டேன். மாதிரி அற்புதமாக வந்தது. அது பழம் எடுப்புக் கூலி நோட்டு. சனிக்கிழமை ஆளுக்கு எத்தனை கிலோ என்று படிக்க ஆரம்பித்த மனைவி, மூன்றாவது பேருக்கு வந்ததும் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை வழியாக ஒரு கண் என்னைப் பார்த்தது. அந்த வாரக் கூலி, வந்தவர்கள் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுக்கப்பட்டது. கூடுதலாகப் போன தொகையை என் ராயல்டியில் கழிப்பதாக முடிவு. இன்னும் கழிந்துகொண்டிருக்கிறது.

ராயல்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. டாக்டர் சீயஸிடம் அவருடைய பதிப்பாளர் ஐம்பது டாலர் பந்தயம் கட்டினார்: ஐம்பதே சொற்களைத் திரும்பத் திரும்ப வைத்து ஒரு புத்தகம் எழுத முடியாது என்று. சீயஸ் எழுதினார், 1960-ல் வந்தது. பந்தயப் பணம் மட்டும் கடைசி வரை கைக்கு வரவேயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ராயல்டியாக வருகிற நூற்றுக்குப் பத்தை எழுதியவனும் வரைந்தவரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது வழக்கம். என் முதல் வருஷப் பங்காக 412 ரூபாய்க்குக் காசோலை வந்தது. அதைப் போட சேலம் போனோம். மனைவியும் வந்தாள், சாட்சிக்கு. பஸ், மத்தியானச் சாப்பாடு, பேத்திக்கு ஒரு பொம்மை, எனக்குப் புது அழிரப்பர். திரும்பும்போது பதினோராவது வளைவில் கணக்குப் பார்த்தாள். இலக்கியத்துக்கு நாங்கள்தான் நன்கொடை கொடுத்திருந்தோம்.

சென்னையில் 1994-ல் தாரா, 1996-ல் தூலிகா என்று பதிப்பகங்கள் வந்த பிறகு படக்கதைப் புத்தகத்துக்கு நம் பக்கம் ஒரு முகம் கிடைத்தது. தாராவின் ஒரு புத்தகம், கோண்டு ஓவியர்கள் மரங்களை வரைந்தது, கறுப்புத் தாளில் ஒவ்வொரு பக்கமும் கையால் அச்சடித்தது. பார்த்துவிட்டு அன்றைக்கு எழுதாமலே படுத்துவிட்டேன். தூலிகா ஒரே புத்தகத்தை ஒன்பது மொழியில் போடுகிறவர்கள். இப்படிப் பல மொழிப் புத்தகத்தை அச்சடிக்கிற சூட்சுமத்தை அச்சக நண்பர் ஒருவர் விளக்கியபோதுதான் என் நிலைமை எனக்கே விளங்கியது. வண்ணப் படத்துக்கு நாலு தட்டு: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எழுத்தைக் கறுப்பில் மட்டும் வைப்பார்கள். தமிழ் முடிந்து தெலுங்கு ஓட்ட வேண்டுமென்றால் மற்ற மூன்றையும் தொட வேண்டாம். கறுப்புத் தட்டை மட்டும் கழற்றி வேறு மாட்டினால் போதும். நாலில் ஒன்று. கழற்றி மாட்டக்கூடியது. அதுதான் நான். சேலத்து மாமா இதைக் கேட்டிருந்தால் ‘முக்கால்’ என்பதைக் ‘கால்’ என்று திருத்தியிருப்பார்.

அந்தக் கால் பங்கும் நிலைக்கிறதா என்றால், அங்கேதான் தமிழ் என்னைக் கவிழ்க்கிறது. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். ‘எருமை வந்தது, பார்த்தது, சாப்பிட்டது’ என்று நான் அளந்து அளந்து வைக்கிறேன். ராத்திரி மனைவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு என் புத்தகத்தைப் படிக்கிறாள்: “ஒரு ஊர்ல ஒரு பெரிய்ய்ய எருமையாம். அது அப்படியே ஆடி ஆடி வந்துச்சாம். வந்து என்ன பண்ணுச்சாம்? நம்ம வீட்டு செவ்வந்திச் செடிய மொக்குனு கடிச்சுதாம்.” ஒன்பது மாசம் போராடி நான் வெட்டி எறிந்த பெரிய்ய்ய, ஆடி ஆடி, அப்படியே எல்லாம் அவள் வாயில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகின்றன. நான் எழுதாத செவ்வந்திச் செடி வேறு.

“அதுல அப்படி இல்லையே” என்று கதவோரம் நின்று சொன்னேன்.

“இல்லாததைத்தானே சொல்லணும். இருக்கறதைப் படத்துலயே பார்த்துக்குவாளே” என்றாள்.

அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்தபோது சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அழகான பேர்கள். வீட்டில் சொன்னேன். “நீங்க எந்தப் படி?” என்று மகள் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் மனைவி, “அப்பா இன்னும் செருப்பைக் கழட்டிட்டு இருக்காரு” என்றாள். சாகித்திய அகாடமி 2010-லிருந்து குழந்தை இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கிறது, தமிழில் யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி என்று நல்ல கைகளெல்லாம் வாங்கியிருக்கிறார்கள், ஐம்பதாயிரம் ரூபாய் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். ஐம்பதாயிரம் என்ற சொல்லுக்கு மட்டும் வீட்டில் கொஞ்சம் அமைதி நிலவியது. “அதுக்கு எத்தனை வார்த்தை எழுதணும்?” என்றாள் மனைவி.

கடைசிப் புத்தகத்துக்கு வருகிறேன். காட்டெருமை என்று ஊரில் சொன்னாலும் அது எருமை இல்லை, காட்டுமாடு என்பதுதான் சரி என்று இயற்கை ஆர்வலர்கள் சண்டைக்கு வருவார்கள். சங்கப் பாட்டுகளில் இதற்கு ‘ஆமா’ என்று பேர். இரண்டே எழுத்து! சொல்லைச் சிக்கனமாக்கியே காய்ந்துபோனவனுக்கு இது லாட்டரி. எழுதிப் பார்த்தேன்.

‘ஆமா வந்தது’ என்று பிள்ளை கத்துகிறது. ‘எதுக்குடா ஆமா?’ என்று அடுப்படியிலிருந்து அம்மா. ‘ஆமா, ஆமா!’ ‘என்ன ஆமா ஆமா?’ தாத்தா வருகிறார், பாட்டி வருகிறார், ஆளாளுக்கு ‘ஆமாவா?’ ‘ஆமா!’ என்று கத்துகிறார்கள். யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பக்கம் திருப்பினால், ஜன்னல் முழுக்க ஒரு டன் கறுப்பு. சாக்ஸ் போட்ட கால். அப்புறம் பொதக்.

ஆசிரியர் அம்மா முதல் தடவையாகப் போனில் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே பேசினார். ஒரு வெட்டுகூட இல்லை. ஒரே வருத்தம்தான்: “சார், இதை வேற எந்த மொழியிலயும் போட முடியாதே.” தெலுங்கிலும் இந்தியிலும் ‘ஆமா’ மாடாகாது. கறுப்புத் தட்டைக் கழற்ற முடியாது! அன்றைக்கு நான் தோட்டத்தில் இரண்டு சுற்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். எட்டு மொழி ராயல்டி போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனைப் பார்த்ததில்லை என்று மனைவி மகளுக்குப் போன் செய்தாள்.

புத்தகம் வந்தது. பேத்தி நாலு வயது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டே முழுக்கச் சொல்வாள். ஓரிடத்தில் நான் எடுத்துக் கொடுத்தால், “தாத்தா, உனக்குப் படிக்கத் தெரியல” என்று பிடுங்கிக்கொள்வாள்.

போன மாசம் ஒரு ராத்திரி, எட்டரை இருக்கும். பனி இறங்கிவிட்டது. கரண்ட் இல்லை. பேத்தி ஜன்னலோரம் நின்றவள், திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்.

“ஆமா.”

“என்னடி ஆமா?” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

“ஆமா, பாட்டி.”

நான் சாய்வு நாற்காலியில் மெய்ம்மறந்து கிடந்தேன். இரண்டு பேரும் வரி பிசகாமல் சொல்கிறார்கள். என் எழுத்து, எழுதினபடியே! நானும் என் பங்குக்குக் குரலை உயர்த்தி, “ஆமாவா?” என்றேன்.

“ஆமா!”

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் புஸ் என்று ஒரு மூச்சு. கண்ணாடியில் ஆவி படிந்தது. நாற்காலியிலிருந்து நான் எழுந்த விதத்தைப் பேத்தி இப்போதும் நடித்துக் காட்டுகிறாள். வெளியே டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது நாலு வெள்ளைக் கால். மிச்சமெல்லாம் இருட்டோடு இருட்டு. செவ்வந்திச் செடி வாயில் பாதி, மண்ணில் பாதி.

“தாத்தா, நெஜமாவே சாக்ஸு!”

“பார்த்தியா, நான் ஆறு வரி எழுதியிருந்தேன், அதை அந்த அம்மா...”

“சாக்ஸும் வேண்டாம் வரியும் வேண்டாம்” என்று மனைவி பழைய டால்டா தகரத்தையும் கரண்டியையும் என் கையில் திணித்தாள். “ஜன்னலுக்கு இந்தப் பக்கமே நின்னு தட்டுங்க. நிறுத்தாம தட்டணும். தினம் முக்கால் தட்டு தட்டுனா அது போகாது.”